வள்ளி வீட்டில் குடித்த இளநீர்

யாழ்ப்பாணம் போய்வந்தேன் என்றால் எல்லாரும் முதலில் கேட்பது அங்கே சாப்பாடு எப்படி என்றுதான். அதைச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன். காலையில் புட்டு, இரவில் இடியப்பம், நடுவில் புழுங்கலரிசிச் சோறு. எதைத் தொட்டாலும் தேங்காய்ப்பால். சொதி என்று ஒன்று வைக்கிறார்கள். ரசம் என்று நினைத்துக் கைநிறைய வாங்கி ஏமாந்தேன். கத்தரிக்காய்க்கு அந்தச் செம்மண்ணில் என்ன போட்டு வளர்க்கிறார்களோ, நம் காவிரிக்கரைக் கத்தரிக்காய் அதன் பக்கத்தில் நிற்காது. இதைச் சொன்னதற்கு என் அம்மா அன்று முழுவதும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தேநீரில் சீனி போடாமல், பனங்கட்டியைக் கையில் கொடுத்துக் கடித்துக்கொண்டே குடிக்கச் சொல்கிறார்கள். எனக்கு அது பிடித்துப்போயிற்று.

ஆனால் நான் போனது சாப்பிட அல்ல. இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்திய காலம் அது. பம்பாயில் சமூக சேவைப் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். படிப்பவர்கள் எங்காவது போய்ச் சில வாரம் வேலை செய்து பழக வேண்டும் என்பது விதி. யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்வரத் தமிழ் தெரிந்த ஒருத்தி வேண்டும் என்று கேட்டிருந்தது. வகுப்பில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். திருச்சிக்காரி, சைவச் சாப்பாடு, கடல் தாண்டிப் போகிறாள் என்று வீட்டில் கவலை. எனக்கோ தலைகால் தெரியாத பெருமை. இனி வரும் பெயர்கள் எல்லாம் நான் வைத்தவை. புத்தூர்ப் பக்கம் என்பதற்கு மேல் இடத்தையும் சொல்லப்போவதில்லை. அந்தப் படிப்பில் எனக்கு ஒழுங்காக வந்த பாடம் அது.

யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து பருத்தித்துறை வீதியில் போகும் மோட்டார் பஸ்ஸில் ஏறினேன். ஆளுக்கு மேல் ஆள், ஆளுக்கு நடுவில் புகையிலைச் சிப்பம். பாதி வழியில் வண்டி பெருமூச்சு விட்டு நின்றது. தண்ணீர் காய்ந்துபோயிற்றாம். கண்டக்டர் தகர வாளியோடு வீடு வீடாகப் போனார். வீதியின் இருபுறமும் பனையோலை வேலிகள். ஆளுயரத்துக்கு மேல், உள்ளே வீடா தோட்டமா என்று தெரியாதபடி. நம் ஊரில் வாசலில் நின்றாலே அடுப்பங்கரை தெரியும். இங்கே வேலிக்குப் பின்னால் ஆள் இருமுவதும் கோழி கொக்கரிப்பதும்தான் தெரிகிறது.

பஸ்ஸுக்குள் ஒரு புருஷனும் பெண்சாதியும் தரையில் குந்தியிருந்தார்கள். பாதிப் பேர் காற்றாட இறங்கியிருந்ததால் பலகைகள் காலியாகக் கிடந்தன. நான் தள்ளி உட்கார்ந்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் கேளாதவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதிரில் இருந்த பெரியவர், "சும்மா விடுங்கோ தங்கச்சி, அவை இருக்கமாட்டினம்" என்றார். உட்காரமாட்டார்கள் என்கிறார். மிகவும் அன்பாகத்தான் சொன்னார்.

நான் தங்கியது சிற்றம்பலம் என்ற கமக்காரர் வீட்டில். கமக்காரர் என்றால் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். ஆஸ்பத்திரி விடுதியில் மாமிசம் சமைப்பார்கள் என்பதால் அங்கே ஏற்பாடு செய்திருந்தார்கள். அவருக்கு என் ஊர், தகப்பனார் பெயர், நெற்றித் திருநீறு மூன்றும் போதுமாயிருந்தன. அவர் மனைவி நாகம்மா எனக்காகத் தனியே ஒரு செம்பும் தலையணையும் எடுத்து வைத்தார். வந்த அன்றே, "மெலிஞ்சுபோய்க் கிடக்கிறியள், பம்பாயிலை சாப்பாடு போடுறேல்லையோ?" என்று கேட்டு இலையில் புட்டை மலையாகக் குவித்தார். நல்ல மனிதர்கள். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் சொல்ல எனக்கு மனம் வராமல் போகலாம்.

மறுநாள் ஆஸ்பத்திரி. என்னைப் பழக்கும் பொறுப்பு ஞானமணி அக்காவிடம். வீடு வீடாகப் போகும் நர்ஸ், அந்த ஊர்க் கிறிஸ்தவக் குடும்பம், வெள்ளைச் சேலைக்கு மேல் கறுப்புக் குடை. நடந்துகொண்டே பாடம் நடத்தினார். அந்த ஊர்ப் பேச்சில் வருத்தம் என்றால் நோய்.

"கேளும் பிள்ளை. ஒரு வீட்டிலை கண்டதை மற்ற வீட்டிலை கதைக்கப்படாது. வருத்தக்காரர் சொல்லாமல் அவையின்ரை வருத்தத்தின்ரை பேர் உம்மடை வாயிலை வரப்படாது. சயரோக வீடெண்டால் அங்கை வாய் நனைக்கவும் கூடாது. மிச்சமெல்லாம் உம்மடை புத்தகத்திலை கிடக்கும்."

பெரிய டாக்டர் வெள்ளைக்கார அம்மாள். என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "நெஞ்சு வார்டில் ஒரு கட்டில் காலியாகிறது. வள்ளி என்ற பெண்ணுக்கு அதை வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பேன். அதற்கு மேல் வைத்திருந்தால் வராந்தாவில் கிடப்பவர்களுக்கு நான் என்ன சொல்வது? அவளை அழைத்து வாருங்கள்." வள்ளி ஒருமுறை தானாக வந்து காட்டியிருக்கிறாள். சயரோகம் என்றும், இப்போதே படுத்தால் தப்பலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனவள் திரும்பவில்லை.

வள்ளியின் வீடு எங்கே என்று விசாரித்தால், நான் தங்கியிருந்த சிற்றம்பலத்தாருடைய புகையிலைத் தோட்டத்துக்குப் பின்னால், அவருடைய வளவின் மூலையிலேயே இருந்தது. வளவு என்றால் வேலிக்குள் அடங்கிய நிலம். ஓலைக் குடிசை. அவள் புருஷன் கந்தன் அவருடைய கிணற்றில் துலா மிதிக்கிறவன். துலா என்பது நம் ஏற்றம்தான். விடியற்காலைக் குளிரில் அந்த மரத்தின் மேல் அவன் முன்னும் பின்னும் நடப்பதை என் அறைச் சன்னலிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஆறு இல்லாத ஊர். அங்கே ஒவ்வொரு புகையிலைக் கன்றும் ஒருவன் காலால் நடந்து கொண்டுவந்த தண்ணீரைத்தான் குடிக்கிறது.

என்னைக் கண்டதும் வள்ளி பதறிப்போய் முற்றத்தைக் கூட்டினாள். என் வயதுதான் இருக்கும். நான் மண்ணில் உட்காரப் போனேன். "நாச்சியார், நிலத்திலை இருக்காதையுங்கோ" என்று மூச்சு வாங்க, முற்றத்தில் கிடந்த பச்சை ஓலை ஒன்றை எடுத்து வந்து போட்டாள். பாய் இல்லாமல் இல்லை. மூலையில் சுருட்டி வைத்திருந்தது. அவர்கள் படுத்த பாயில் நான் உட்காரக் கூடாது என்பது அவளுடைய கணக்கு. அக்கா என்று கூப்பிடு என்றேன். சரி நாச்சியார் என்றாள்.

இரண்டு சின்னப் பெண்கள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகளைப் பார்க்க அச்சுவேலியிலிருந்து நாத்தனார் வருவாள் என்றாள். ஆஸ்பத்திரிக்கு வர அவளுக்கு இஷ்டம்தான். நடக்கத்தான் முடியவில்லை, பத்தடி வைத்தால் மூச்சு முட்டுகிறது. கந்தன் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் புகையிலைக்குத் தண்ணீர் கட்டும் நாளில் கமக்காரர் விட வேண்டும்.

"நான் கேட்கிறேன்" என்றேன்.

அவள் என் சேலைத் தலைப்பைத் தொட வந்து, தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். "கசமெண்டு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ நாச்சியார். கேட்டா வேறை ஏதும் சொல்லுங்கோ. கசமெண்டு தெரிஞ்சா எங்களை ஒருதரும் அண்டமாட்டினம்."

கசம் என்பது அங்கே சயரோகத்துக்குப் பெயர். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் பொய்யும் சொல்லக் கூடாது என்பது எங்கள் பாடம். இரவு சாப்பிடும்போது சிற்றம்பலத்தாரிடம் பேச்சை எடுத்தேன். வள்ளியை வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், கந்தனை அன்று மட்டும் விட வேண்டும் என்றேன்.

"அவளுக்கு என்ன வருத்தம்?"

"அது டாக்டர் சொல்ல வேண்டியது ஐயா."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கெட்டிக்காரிதான். சரி பிள்ளை. அவன் போகட்டும். நடக்கமாட்டாள் எண்டால் என்ரை வண்டிலைக் கட்டிக்கொண்டு போகச் சொல்லுறன். துலாவுக்கு வேறை ஆளைப் பாப்பம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொய் சொல்லாமல், ரகசியத்தை விடாமல், காரியத்தை முடித்துவிட்டேன். இப்படி ஒரு மாணவி பம்பாயில் வேறு யாரும் இருப்பார்களா என்று நினைத்துக்கொண்டே இன்னும் இரண்டு இடியப்பம் வாங்கிச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை நல்ல வெயில். வள்ளியிடம் சேதி சொல்லப் போனேன். கந்தனும் தண்ணீர்முறை முடிந்து வந்திருந்தான். வண்டி வரும் என்று கேட்டதும் அவன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். வள்ளி அழுதாள், இருமினாள், மறுபடி அழுதாள். நான் ஆஸ்பத்திரியில் எங்கே படுப்பாள், எத்தனை வேளை பால் கொடுப்பார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் முகம் வெயிலில் சிவந்திருந்ததைப் பார்த்துக் கந்தன், "நாச்சியாருக்கு விடாயாயிருக்கும்" என்றான். உள்ளே தண்ணீர்ப் பானை இருந்தது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஒன்றும் வேண்டாம். எனக்குத் தாகம் இல்லை" என்றேன்.

தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. நோய்க்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன். ஞானமணி அக்காவின் விதி. ஆனால் அந்த ஊரில், அந்தக் குடிசையில், என்னைப்போன்றவள் தண்ணீர் வேண்டாம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. அவர்களுக்கு அது வருத்தமாகக்கூடத் தோன்றவில்லை. சரிதானே என்று தோன்றியிருக்கிறது. கந்தன் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனான்.

நான் வள்ளியோடு பேச்சில் இருந்தேன். தொப்பென்று ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து, சீவித் திறந்த இளநீரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றான். அவர்கள் பாத்திரம் படாத, அவர்கள் பானை படாத குடிநீர் அது ஒன்றுதான். என்னைப்போன்றவர்கள் அவன் கையிலிருந்து வாங்கக்கூடியதும் அது ஒன்றுதான். நோய்க்கும் அஞ்ச வேண்டியதில்லை. வேண்டாம் என்று மறுபடியும் சொன்னேன். அவன் முகம் விழுந்துபோயிற்று. வெட்டின இளநீரைத் திருப்பி மரத்தில் வைக்க முடியுமா? வாங்கிக் குடித்தேன். பழக்கமில்லாததால் பாதி சேலையில் ஊற்றிக்கொண்டேன். வள்ளி முதல்தடவையாகச் சிரித்தாள்.

யாருடைய மரம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. திருச்சியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் தென்னை எங்களுடையது. குடிசைக்குப் பக்கத்தில் நிற்கும் தென்னை குடிசைக்காரருடையது என்று எடுத்துக்கொண்டேன்.

வந்து சேலையை அலசிக் கொடியில் போட்டேன். சாயங்காலம் அதை மடிக்க எடுத்த நாகம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மார்பிலிருந்து மடிவரை மண்ணிறத்தில் திட்டுத்திட்டாக விழுந்திருந்தது.

"இது இளநிக் கயர் எல்லோ. சவர்க்காரத்துக்கும் போகாது. எங்கை தங்கச்சி குடிச்சனீங்கள்?"

அவர் சேலைக்காகக் கவலைப்பட்டுத்தான் கேட்டார். ஆனால் கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சிற்றம்பலத்தார் நிமிர்ந்து பார்த்தார். போன இடத்தில் குடித்தேன் என்றேன். போன இடம் எது என்று அவர் கேட்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாயிருந்தது.

"நான்தான் கேட்டேன் ஐயா. வெயிலாயிருந்தது" என்றேன். பொய் சொல்லக் கூடாது என்ற பாடம் அங்கேயே போயிற்று.

"நீங்கள் கேப்பியள் பிள்ளை. ஊருக்குப் புதிசு. அவன் புதிசில்லையே. தன்ரை தண்ணியை உங்களுக்குத் தரக்கூடாது எண்டு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. மரம் ஆரின்ரை எண்டும் தெரிஞ்சிருக்கோணும். அவன்ரை தேப்பன் இந்த வளவிலை கிடந்து செத்தவன், ஒருநாளும் கேளாமல் ஏறினதில்லை."

ஒரு இளநீர்தானே என்றேன்.

"இளநியோ பெரிசு? ஆயிரம் இளநி விழுந்து அழுகுது. கேளாமல் ஏறினதுதான்." அதோடு பேச்சு முடிந்தது. நாகம்மா எனக்கு வழக்கம்போலவே சாப்பாடு போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை குளித்துத் தயாராகி, வேலிக் கதவான படலையில் நின்றேன். சிற்றம்பலத்தார் திருநீறு பூசிக் கோயிலுக்குப் புறப்பட்டு வந்தார். "வண்டில் வராது பிள்ளை. அவையை வளவை விட்டு எழும்பச் சொல்லியாச்சு" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. ஆனால் கெஞ்சத்தான் செய்தேன். வள்ளியை மட்டுமாவது இன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், பிறகு எதை வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றேன். அவர் நின்றார். யோசித்தார்.

"அப்ப என்ன வருத்தம் எண்டு சொல்லுங்கோ. உயிர் போற வருத்தமெண்டால் நான் கல்நெஞ்சனில்லை. மறிக்கமாட்டன்."

ஒரு சொல். அந்தச் சொல்லைச் சொன்னால் வண்டி வரும். அவர் சொன்னபடி செய்கிறவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நாக்கு நுனிவரை வந்தது. கொஞ்சம் பொறுங்கள் ஐயா என்று சொல்லிவிட்டுப் புகையிலை வரம்பில் செருப்பில்லாமல் ஓடினேன். அந்தச் சொல் என்னுடையது அல்ல, அவளுடையது. அவளைக் கேட்காமல் எப்படிச் சொல்வது?

கந்தன் கூரை ஓலையைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தான். வள்ளி பானை சட்டியோடு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். சொல்லட்டுமா, சொன்னால் வண்டி தருவார் என்றேன்.

அவள் கந்தனைப் பார்க்கக்கூட இல்லை. "வேண்டாம் நாச்சியார். இளநி வெட்டினதுக்கு இந்த வளவுதான் போகும், வேறை வளவு பாக்கலாம். கசமெண்டு பேர் வந்தா ஒரு கமக்காரரும் எங்களைச் சேக்கமாட்டினம். இந்தக் குஞ்சுகள் எங்கை போறது?"

அப்படியானால் ஆஸ்பத்திரிக்காவது இப்போதே வா, பஸ்ஸில் உட்கார்த்திக் கொண்டுபோகிறேன் என்றேன்.

"இண்டைக்கு இராத்திரி பிள்ளையள் எங்கை படுக்கிறதெண்டு தெரியேல்லை. நான் கட்டிலிலை போய்ப் படுக்கிறதோ?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நான் பதில் சொல்வேன் என்று காத்திருந்தாள்.

படலைக்குத் திரும்பி வந்து, சொல்ல முடியாது ஐயா என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார். அன்று மத்தியானமே நான் என் பெட்டியை எடுத்துக்கொண்டு ஞானமணி அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். நாகம்மா வாசலில் நின்று, "என்ன பிழை விட்டனாங்கள் தங்கச்சி?" என்று கேட்டார். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

டாக்டர் அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "நீங்கள் செய்தது அத்தனையும் சரி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அந்தக் கட்டிலுக்கு வராந்தாவிலிருந்து ஒருத்தியைக் கொண்டுபோகச் சொன்னார். சரி என்ற சொல் அவ்வளவு கசக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அன்று ஞானமணி அக்கா வீட்டில் மீன் வாசத்துக்கு நடுவில் நான் சாப்பிட்டேன். முகம் சுளிக்கும் அளவுக்குக்கூட எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

அதன் பிறகு நான் வேறு வீடுகளுக்குப் போனேன். குழந்தைகளுக்கு எண்ணெய் கொடுத்தேன், கிணற்றைக் கொதிக்கவைக்கச் சொல்லாத குறையாக எல்லாருக்கும் உபதேசம் செய்தேன். போகும் இடமெல்லாம் வள்ளியைப் பற்றிக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நான் ஊருக்குத் திரும்பும் வாரத்தில்தான் ஞானமணி அக்கா அவர்கள் தென்மராட்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் இருப்பதாகக் கண்டுபிடித்தார். பஸ் மணலில் புதைந்து, எல்லாருமாக இறங்கித் தள்ளி, கால் முழுக்க மணலோடு போய்ச் சேர்ந்தேன். நம் ஊர் ஆற்று மணல்போல வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்து ரசிக்கும் மனநிலை இல்லை.

வள்ளி பாதியாகியிருந்தாள். எழுந்திருக்கவில்லை. மூத்த மகள் ஓலை எடுக்கப் போவதற்குள் நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். இந்தமுறை வள்ளி தடுக்கவில்லை. இங்கே கமக்காரர் எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை, இருக்க விட்டிருக்கிறார் என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அந்தக் கட்டில் இன்னும் கிடக்கோ நாச்சியார்?"

இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது?

"ஆருக்குக் குடுத்தவை?"

ஒரு வீட்டுக் கதை இன்னொரு வீட்டில் பேசக் கூடாது. "ஒரு பெண்ணுக்கு" என்றேன்.

"பிள்ளையள் இருக்கோ அவளுக்கு?"

"இருக்கிறார்கள்."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த கட்டில் காலியானதும் உனக்குத்தான், ஞானமணி அக்கா வந்து சொல்வார் என்றேன். அவள் தலையை அசைத்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நான் நம்பவில்லை. கந்தன் வேலையிலிருந்து வரும் சத்தம் கேட்டதும் அவசரமாகக் கண்ணைத் திறந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, யாருக்கும் மனம் நோகாதபடி சொன்னாள்:

"நீங்கள் இனி வராதையுங்கோ நாச்சியார். வந்தா இந்த மனிசன் ஏதும் தராமல் உங்களை அனுப்பமாட்டார். இஞ்சையும் மரமெல்லாம் மற்றவையின்ரை."

கந்தன் வருவதற்குள் எழுந்து, வேலியில் ஓலை விலகியிருந்த பொட்டு வழியாகப் பின்பக்கமாகவே வெளியேறிவிட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.